மலைவீட்டுப் பழைய மரக்கதவு: எந்தக் கோளாறுக்கு என்ன வைத்தியம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்கள் மார்கழி பிறந்ததும் ஆசாரியைக் கூப்பிட்டு, "வாசற்கதவைக் கழற்றிவிட்டு வேறு போட்டுவிடலாமா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் தேவைப்படாது. அந்தக் காலத்துத் தேக்குக் கதவின் சட்டம் 35 முதல் 45 மி.மீ. தடிமன் இருக்கும். இன்று கடையில் மலிவாகக் கிடைக்கும் ஃபிளஷ் டோரைவிட அது பல மடங்கு உறுதி. குளிர் மரத்தைத் துளைத்துக்கொண்டு வருவது கொஞ்சம்தான். மரத்துக்கும் நிலைக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாக வருவதுதான் அதிகம். திருடனும் பூட்டோடு மல்லுக்கட்டுவதில்லை, அதே இடுக்கில் கம்பியை விட்டு நெம்புகிறான்.

அந்த இடுக்கு எவ்வளவு பெரியது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கதவை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் மேலேயும் சேர்த்து 5.2 மீட்டர் நீளத்துக்கு 3 மி.மீ. இடைவெளி இருந்தால் 156 சதுர செ.மீ. அடியில் 15 மி.மீ. இடைவெளி என்றால் இன்னொரு 150. நடுவில் இரண்டு கதவும் சேரும் இடத்தில் 4 மி.மீ. என்றால் 84. மொத்தம் 390 சதுர செ.மீ. சுவரிலிருந்து இரண்டு செங்கல்லை உருவி எடுத்துவிட்டு, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவைத்ததற்குச் சமம்.

வேலையைச் செய்யும் வரிசை முக்கியம். முதலில் கதவின் தொங்கல், அடுத்து நிலையின் பிடிப்பு, பிறகு இடுக்கு அடைப்பு, கடைசியில் பூட்டு. தலைகீழாகச் செய்தால் பணம் வீண். தொங்கிப்போன கதவுக்கு ரப்பர் ஒட்டினால் ஒரு மூலையில் ரப்பர் நசுங்கிக் கிழியும், எதிர்மூலையில் காற்று அடிக்கும். பூட்டை முதலில் போட்டுவிட்டுப் பிறகு ரப்பர் ஒட்டினால் கதவு 2 மி.மீ. முன்னால் தள்ளி நிற்கும். பூட்டின் நாக்கு துளைக்குள் போகாது.

முதலில் சோதனை

காற்றடிக்கும் மாலையில் கதவைச் சாத்திவிட்டு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, இடுக்கிலிருந்து 5 செ.மீ. தள்ளிப் பிடித்து மெதுவாகச் சுற்றி வாருங்கள். திரைச்சீலை இருந்தால் அகற்றிவிட்டுச் செய்யவும். புகை எங்கே வளைகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். கதவைச் சுற்றி மட்டுமல்ல, நிலைக்கும் சுவருக்கும் நடுவிலும், சாவித் துவாரத்திலும், பலகை சட்டத்தோடு சேரும் விளிம்பிலும் பிடித்துப் பார்க்க வேண்டும்.

இடைவெளியை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். ஓர் ஏ.டி.எம். கார்டு ஏறக்குறைய முக்கால் மி.மீ. தடிமன். நான்கு கார்டை அடுக்கினால் 3 மி.மீ. நல்ல கதவில் பக்கவாட்டிலும் மேலேயும் உலர்ந்த காலத்தில் நான்கு கார்டு தடையில்லாமல் போகலாம். ஆறு கார்டு போனால் அதிகம். ஓரிடத்தில் ஆறும் இன்னோர் இடத்தில் ஒன்றும்கூடப் போகாமலும் இருந்தால் கதவு சாய்ந்திருக்கிறது.

கடைசியாக, ஸ்குரூ டிரைவர் முனையால் நிலைக்காலின் அடிப்பகுதியையும் கதவின் கீழ்ச்சட்டத்தையும் குத்திப் பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் எளிதாக இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு எந்த வேலையும் செய்யக் கூடாது.

கதவு தரையைத் தேய்க்கிறது, மேலே பூட்டுப் பக்க மூலை நிலையில் இடிக்கிறது

மேல் கீல் விட்டுக்கொடுத்துவிட்டது. 1 மீட்டர் அகலமுள்ள ஒற்றைத் தேக்குக் கதவு 40 கிலோவுக்குக் குறையாது. அந்த எடை முழுக்க மேல் கீலை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்குரூ ஓட்டை காலப்போக்கில் பெரிதாகி, ஸ்குரூ சுற்றினால் இறுகாமல் சும்மா சுழலும்.

இங்கே எல்லோரும் செய்யும் தப்பு, தரையைத் தொடும் இடத்தை இழைப்புளியால் சீவிவிடுவது. சீவியதும் கதவு ஓடும், ஆசாரியும் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார். அடுத்த வருடம் கதவு இன்னும் தொங்கும், இன்னும் சீவ வேண்டும். பிறகு யாராவது கீலைச் சரிசெய்தால் கதவு மேலேறி, அடியில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி திறந்துகொள்ளும். பழைய வீடுகளில் கதவின் அடிவிளிம்பு ஒரு பக்கம் சரிந்து வெட்டப்பட்டிருப்பதைப் பார்த்தால் இந்தக் கதைதான் நடந்திருக்கிறது.

சரியான முறை: கதவைத் திறந்துவைத்து, வெளிமுனையின் அடியில் மர ஆப்பைச் செருகிக் கதவைச் சரியான உயரத்துக்குத் தூக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கீலை மட்டும் கழற்றுங்கள். பழைய ஸ்குரூ ஓட்டைகளை 8 அல்லது 10 மி.மீ. துளையாகச் சுத்தமாக்கி, அதே அளவுக்கு உருண்டையாகச் செதுக்கிய தேக்குக் குச்சியில் நீர் தாங்கும் மரப்பசை தடவி அடித்து இறக்கி, ஒரு நாள் காயவிட வேண்டும். தீக்குச்சியைத் திணிப்பது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. காய்ந்த பிறகு 3 மி.மீ. முன்துளை போட்டு 10 நம்பர் ஸ்குரூவை ஏற்றுங்கள்: நிலைப் பக்கம் 50 மி.மீ. நீளம், கதவின் பக்கம் 40 மி.மீ. முன்துளை இல்லாமல் பழைய தேக்கில் ஸ்குரூ ஏற்றினால் மரம் பிளக்கும், அல்லது ஸ்குரூவின் தலை திருகிக்கொண்டு உடையும்.

பழைய இரும்புக் கீலின் நடு ஊசி தேய்ந்திருந்தால் ஸ்குரூவை இறுக்கிப் பயனில்லை. கதவைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது கீலின் கணுக்கள் நடுவே அசைவு தெரிந்தால் 5 அங்குல ஸ்டெயின்லெஸ் கீலாக மாற்றிவிடுங்கள். இரண்டே கீல் இருந்தால் மூன்றாவது ஒன்று சேர்க்க வேண்டும். எடை தாங்குவதுதான் பிரச்சினை என்றால் அது மேல் கீலுக்கு 25, 30 செ.மீ. கீழே, கதவு வில் மாதிரி வளைகிறது என்றால் நடுவில்.

ஆடி, ஆவணியில் மட்டும் இறுகுகிறது, மாசியில் சரியாகிவிடுகிறது

இது கோளாறு இல்லை, மரத்தின் சுபாவம். மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட நீளாது, அகலவாக்கில் ஊதும். மரத்துக்குள் உள்ள ஈரப்பதம் 5 சதவீதம் கூடினால் தேக்கு அகலத்தில் ஏறத்தாழ 1 சதவீதம் வரை விரியும். 100 மி.மீ. அகலமுள்ள குத்துச்சட்டம் (செங்குத்தாக நிற்கும் சட்டம்) ஒவ்வொன்றும் 1 மி.மீ. ஊதினால், இரட்டைக் கதவில் நான்கு சட்டத்துக்குமாக 4 மி.மீ. ஆகிவிடும். இருக்கும் இடைவெளியெல்லாம் அதிலேயே போய்விடும்.

ஆகவே மழைக்காலத்தில் இறுகும் கதவை மழைக்காலத்திலேயே சீவாதீர்கள். அப்போது சீவியது ஜனவரி உறைபனிக் காலத்தில் பெரிய இடுக்காகத் திரும்பி வரும். இறுகும் இடத்தில் பென்சிலால் அடையாளம் மட்டும் போட்டு, மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஒப்பேற்றுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் கதவைக் கழற்றி, அடையாளம் உள்ள இடத்தில் மட்டும் 1 மி.மீ. எடுக்கலாம்.

கழற்றியதும் செய்ய வேண்டிய முக்கிய வேலை வேறு. கதவின் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் பாருங்கள். முன்பக்கம் பளபளவென்று வார்னிஷ் இருக்கும், இந்த இரண்டு விளிம்பும் பூச்சே படாத வெறும் மரமாக இருக்கும். கதவைக் கழற்றாமல் பெயின்ட் அடிப்பவருக்குத் தூரிகை அங்கே எட்டுவதில்லை. குத்துச்சட்டத்தின் மர நாளங்கள் வெட்டுப்பட்டுத் திறந்து நிற்பது அங்கேதான். தண்ணீரைக் குழாய் மாதிரி உறிஞ்சும். இரண்டு விளிம்புக்கும் நீர் புகாத வார்னிஷை முதல் பூச்சு நீர்க்கவும் அடுத்த இரண்டு பூச்சு கெட்டியாகவும் அடித்தால் மழைக்கால இறுக்கம் குறையும்.

பழைய பெயின்டைச் சுரண்டுவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பூச்சில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளைப் பயன்படுத்தி, துகளை ஈரத்துணியில் துடைத்து எடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

கால் மட்டும் சில்லென்று இருக்கிறது

அடி இடுக்கு. பழைய வீட்டு நிலைக்குக் கீழே மரப்படி இருந்திருக்கும். பிறகு மொசைக்கோ டைல்ஸோ போட்டபோது அதை எடுத்திருப்பார்கள். கதவு மோத ஒன்றும் இல்லாமல் காற்று நேரே உள்ளே வரும்.

இடைவெளியை இடது, நடு, வலது என மூன்று இடத்தில் அளங்கள். அத்தோடு கதவை முழுக்கத் திறந்துவைத்தும் அளக்க வேண்டும். உள்தரை மேடாக இருந்தால் சாத்தியபோது 15 மி.மீ. இருந்த இடைவெளி திறந்தபோது 6 மி.மீ. ஆகலாம். இதை அளக்காமல் பட்டை மாட்டியவர்கள்தான் "கதவு பாதியில் நிற்கிறது" என்பார்கள்.

மேடுபள்ளமான கல் தரைக்குத் தூரிகை வைத்த அலுமினியப் பட்டை. சமமான டைல்ஸ் தரைக்கு ரப்பர் பட்டை. உள்பக்கம் திறக்கும் கதவுக்கு உள்பக்கத்தில் மாட்டவும். தூரிகையின் நுனி தரையில் பட்டு 2 மி.மீ. வளைந்தால் போதும், அதற்கு மேல் அழுத்தினால் மயிர் ஒரே பக்கம் படுத்துவிடும். பட்டையில் உள்ள துளை நீள்வட்டமாக இருக்கும். ஸ்குரூவை அதன் நடுவில் போட்டால், தூரிகை தேயத் தேயக் கீழே இறக்கிக்கொள்ளலாம். கதவின் அடியில் செருகும் துணியுறை போட்ட இரட்டை நுரைக்குழாய் உள்ளறைக் கதவுக்குச் சரி. வாசற்கதவுக்கு அது ஒரே சீசன்தான்; சொரசொரப்புத் தரையில் துணி கிழிந்து, நனைந்த நுரை நாற்றமடிக்கும்.

உள்தரை மேடேறும் வீட்டுக்கு நல்ல வழி, படியை மறுபடி வைப்பதுதான். 15 மி.மீ. உயரம், 60 மி.மீ. அகலத்தில் தேக்குப் பட்டையை இருபுறமும் சரித்துச் சீவி, கதவு மூடும் கோட்டில் தரையில் பதித்து, கதவு மோதும் முகத்தில் ரப்பர் ஒட்டலாம். வீட்டில் வயதானவர் இருந்தால் சரிவை இன்னும் நீட்டிவிடுங்கள், இடறக் கூடாது.

மழை சாரலடித்துத் தண்ணீர் உள்ளே வந்தால் அது வேறு வியாதி. வெளிப்பக்கம் கதவின் அடியில், முகம் சரிவாகச் சீவிய 45 மி.மீ. மரப்பட்டை ஒன்றை வைத்து, அதன் அடிவயிற்றில் 6 மி.மீ. அகலத்தில் ஒரு காடி (நீளப் பள்ளம்) இழுக்க வேண்டும். காடி இல்லாவிட்டால் தண்ணீர் பட்டையின் அடியைப் பிடித்துக்கொண்டே உள்ளே தவழ்ந்து வரும். காடியில் வந்ததும் சொட்டி விழுந்துவிடும். பட்டைக்கும் கதவுக்கும் நடுவே சிலிகான் போட மறந்தால், அங்கே நின்ற நீரே கீழ்ச்சட்டத்தை உளுக்க வைக்கும்.

பக்கவாட்டிலும் மேலேயும் காற்று கீச்சிடுகிறது

நிலையில் கதவு போய் உட்காரும் படிவெட்டுதான் இதற்கு இடம். முதலில் அங்கே எவ்வளவு இடைவெளி என்று தெரிய வேண்டும். சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, பாலித்தீனில் சுற்றிச் சின்ன உருண்டைகளாக்கி, படிவெட்டில் அடிக்கு ஒன்றாக ஒட்டுங்கள். கதவைச் சாத்தித் தாழ் போட்டுத் திறந்தால் ஒவ்வோர் உருண்டையும் நசுங்கிய தடிமன்தான் அந்த இடத்தின் இடைவெளி. இரண்டு நிமிட வேலை. ஊகத்தில் வாங்கிய ரப்பரை வீணாக்காமல் காப்பாற்றும்.

3 மி.மீ. வரை 'இ' வடிவ ரப்பர், 3 முதல் 5 வரை 'பி' வடிவம், அதற்கு மேல் 'டி' வடிவம். வாங்கும்போது ஈ.பி.டி.எம். ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். சாம்பல் நிறப் பஞ்சு நுரை பாதி விலைக்குக் கிடைக்கும். ஒரு குளிர்காலத்தில் அப்பளம் போல நசுங்கி, பிறகு எழுந்திருக்காது. மாவு உருண்டை மேலே 2, கீழே 6 என்று காட்டினால் கதவு முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே ஒரு வடிவம், கீழே ஒரு வடிவம் என்று இரண்டு தடிமனில் ஒட்டலாம்.

ஒட்டுவதில்தான் மலைப்பகுதிக்கு என்று ஒரு சிக்கல். காலை ஏழு மணிக்கு மரம் 8 டிகிரியில் இருக்கும்போது ஒட்டினால் பசை பிடிக்காது, மதியமே தொங்கும். நண்பகல் வெயில் வந்த பிறகு, இடத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, ஹேர் டிரையரால் லேசாகச் சூடேற்றி ஒட்டுங்கள். எண்ணெய் பாலிஷ் பூசிய நிலையில் எவ்வளவு துடைத்தாலும் பசை பிடிக்காது. அங்கே காடி இழுத்துச் செருகும் ரப்பர் அல்லது ஆணி அடித்து மாட்டும் பட்டைதான் சரி. ரப்பரை இழுத்து நீட்டி ஒட்ட வேண்டாம், சுருங்கி மூலையில் இடைவெளி விடும்.

இரட்டைக் கதவின் நடு இடுக்குக்குச் செங்குத்தாக ஒரு மூடுபட்டை வேண்டும். எந்தக் கதவில் அடிப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. உள்பக்கம் திறக்கும் கதவில், பட்டையை வெளிமுகத்தில் வைப்பதாக இருந்தால் இரண்டாவதாகத் திறக்கும் கதவில்தான் அடிக்க வேண்டும். உள்முகத்தில் என்றால் முதலில் திறக்கும் கதவில். மாற்றி அடித்தால் கதவே திறக்காது. பாதுகாப்பையும் சேர்த்துப் பார்த்தால் வெளிமுகப் பட்டையே மேல். கம்பி நுழைக்கும் இடுக்கை அது மறைத்துவிடும். அதை ஸ்குரூவால் பிடிக்காமல், வெளியே உருண்டைத் தலையும் உள்ளே நட்டும் வருகிற கோச் போல்ட்டால் 40 செ.மீ.க்கு ஒன்றாகப் பிடியுங்கள்.

கதவை இப்படி இறுக்கியபின் ஒன்றை மறக்கக் கூடாது. மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டிக் குளிர்காய்ந்தபடி தூங்கியவர்கள் இறந்துபோன செய்திகள் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வந்திருக்கின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, இருமலும் வராது. இத்தனை நாள் அந்த ஓட்டைக் கதவுதான் ஓரளவு காப்பாற்றிக்கொண்டிருந்தது. கணப்பு இருக்கும் அறையில் புகைபோக்கி வேலை செய்ய வேண்டும், மேலே ஒரு காற்றுத்துளை திறந்திருக்க வேண்டும். தட்டில் கரி வைக்கும் பழக்கம் இருந்தால் கதவில் கை வைப்பதற்கு முன் அதை நிறுத்திவிடுங்கள்.

இடுக்கெல்லாம் அடைத்தாயிற்று, ஆனாலும் கதவைத் தொட்டால் ஐஸ்

பலகை மெலிதாக இருக்கிறது. சட்டம் 40 மி.மீ. இருந்தாலும் நடுவில் உள்ள பலகைகள் 12 மி.மீ.தான், அவை சட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பத்தை வெளியே விடும். உள்பக்கத்தில் பலகையின் பள்ளத்துக்குள் 20 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். நுரைத்தகட்டை வெட்டி வைத்து, அதன் மேல் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 9 மி.மீ. மரைன் பிளைவுட்டை மூடினால், அந்தப் பகுதியின் வெப்ப இழப்பு கால் பங்காகும். உதை தாங்கும் பலமும் கூடும்.

பிளைவுட்டைப் பலகையோடு ஒட்டிவிடாதீர்கள். பலகை காடிக்குள் சும்மா மிதக்கும்படிதான் செய்திருப்பார்கள், ஊதிச் சுருங்க அதற்கு இடம் வேண்டும். ஸ்குரூ சட்டத்தில் மட்டும் ஏற வேண்டும். பலகையில் ஏற்கெனவே நெடுக வெடிப்பு இருந்தால் காரணமும் இதேதான்: பெயின்ட் மேல் பெயின்ட் அடித்துக் காடியில் ஒட்டிக்கொண்டதும், சுருங்க வழியில்லாமல் பிளந்திருக்கும். எம்சீலை அடைத்தால் அடுத்த மழையில் பக்கத்திலேயே புது வெடிப்பு வரும். காடி விளிம்பில் கத்தியை ஓட்டிப் பெயின்டை அறுத்து விடுவித்து, வெடிப்பில் மெல்லிய தேக்குச் சிம்பை ஒரு பக்கம் மட்டும் பசை தடவிச் செருகுங்கள்.

இத்தனை வேலை வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு கனத்த திரைச்சீலை போதும். உள்ளே கம்பளி அல்லது மெத்தைத் துணி வைத்துத் தைத்து, இருபுறமும் 15 செ.மீ. அதிகமாக, தரையைத் தொடும்படி தொங்கவிடுங்கள். செலவுக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் நுரைத்தகட்டை அது தோற்கடிக்கும்.

கதவை அடித்துச் சாத்தினால் சுவரே அதிர்கிறது

நிலை சுவரிலிருந்து விட்டுவிட்டது. பூச்சு வெடித்த கோட்டில் ஊதுபத்திப் புகை வளையும். இந்த நிலையில் எவ்வளவு விலை உயர்ந்த பூட்டுப் போட்டாலும் நான்கு உதையில் நிலையோடு சேர்ந்து வந்துவிடும்.

செங்கல், சிமென்ட் சுவர் என்றால் 10 மி.மீ. நைலான் உறை போட்ட பிரேம் பாஸ்டனரை, சுவருக்குள் 60, 70 மி.மீ. இறங்கும் நீளத்தில், பக்கத்துக்கு நான்காக நிலையின் வழியாக ஏற்றலாம். பழைய மலைவீடுகள் பலவற்றில் சுவர் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக இருக்கும். அங்கே விரியும் ஆங்கர் சாந்தை உடைத்துக்கொண்டு சுழலும். பழைய முறையே நல்லது: சுவரில் குழி எடுத்து, நிலையில் திருகிய இரும்பு ஹோல்ட்பாஸ்ட்டை உள்ளே விட்டு 1:2:4 கான்கிரீட்டால் அடைத்து, ஒரு வாரம் நனைத்து இறுகவிட வேண்டும். அதுவரை கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது.

மிச்ச இடுக்குக்கு நுரை ஸ்பிரே அடிக்கும்போது கை தாராளம் கூடாது. உப்பும்போது நிலையை உள்ளே வளைத்துவிடும், மறுநாள் கதவு மூடாது. பாதி ஆழம் மட்டும் நிரப்பி, நிலைக்கு நடுவே குறுக்காக ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வையுங்கள்.

நிலைக்காலின் அடி உளுத்திருந்தால் சிமென்ட் பூசி மறைப்பது மோசமான வைத்தியம். ஈரத்தைப் பூட்டிவைத்து மேலே ஏற்றிவிடும். நல்ல மரம் வரும் வரை சரிவாக வெட்டி எடுத்து, அதே சரிவில் புதுத் தேக்கு இணைத்து, எபாக்சியும் இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவும் போடுங்கள். புதுக் கட்டையின் அடி தரையை நேரடியாகத் தொடாமல் 5 மி.மீ. விட்டு, சிலிகானால் அடைத்தால் தரை துடைக்கும் தண்ணீர் ஏறாது.

பூட்டியிருக்கிறது, ஆனால் தோளால் தள்ளினால் மேலும் கீழும் ஆடுகிறது

நடுவில் ஒரே பூட்டு. மேலும் கீழும் பிடிப்பில்லை. இரட்டைக் கதவில் இரண்டாவது கதவின் தாழ்ப்பாள்கள்தான் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன, அவைதான் பெரும்பாலும் 6 மி.மீ. கம்பியில் வந்த அலங்காரச் சாமான். 12 மி.மீ. கம்பி, 10 அல்லது 12 அங்குல நீளத் தாழ்ப்பாளாக மாற்றுங்கள். மேல்தாழ் நிலைக்குள் 20 மி.மீ. போக வேண்டும். கீழ்த்தாழ் தரைத்துளையில் 25 மி.மீ. இறங்க வேண்டும், அந்தத் துளையில் மண் அடைத்து, தாழ் பாதியிலேயே நிற்பதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு பழைய ஆணியால் மாதம் ஒருமுறை கிளறிவிட்டால் போதும்.

பிறகு நாதாங்கியை, அதாவது பூட்டின் நாக்கு நுழையும் நிலைத் தகட்டைக் கழற்றி, அதைப் பிடித்திருந்த ஸ்குரூவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் நகத்துக்குச் சற்றே பெரிதாக, 15 மி.மீ. இருக்கும். பெரிய பூட்டும் அதன் கெட்டி நாக்கும் கடைசியில் இந்த ஸ்குரூவை நம்பித்தான் நிற்கின்றன. 65 அல்லது 75 மி.மீ. ஸ்குரூவாக மாற்றுங்கள். இந்த வழிமுறையிலேயே செலவு குறைந்த, பலன் கூடிய வேலை இதுதான். நிலை பழசாகிப் பிளந்திருந்தால் 3 மி.மீ. தடிமன், 40 மி.மீ. அகலம், 1.2 மீட்டர் நீளமுள்ள இரும்புப் பட்டையை நிலையின் உள்முகத்தில், நாதாங்கி இடத்தில் துளை வெட்டி, 15 செ.மீ.க்கு ஒரு ஸ்குரூவாகப் பதிக்கலாம். உதையின் வேகம் ஒரே இடத்தில் இறங்காமல் முழு நீளத்துக்கும் பரவும்.

வெளியே மாட்டிய ஆல்டிராப்பின் (தொங்குபூட்டு மாட்டும் பெரிய தாழ்ப்பாள்) ஸ்குரூத் தலைகள் கண்ணுக்குத் தெரிந்தால் திருடனுக்கு ஸ்குரூ டிரைவர் ஒன்றே போதும். அங்கேயும் கோச் போல்ட்.

கீல்கள் வெளிப்பக்கம் இருக்கும் கதவில் ஊசியைத் தட்டி எடுத்துவிட்டுக் கதவைக் கீல் பக்கமாகவே கழற்ற முடியும். கீல் பக்க விளிம்பில், கீல்களுக்கு அருகே மேலும் கீழும் ஒன்றாக, 8 மி.மீ. ஸ்குரூவை ஏற்றி, அதன் தலையை அறுத்து 10 மி.மீ. மட்டும் நீட்டி விடுங்கள். நிலையில் அதற்கு நேராக 9 மி.மீ. துளை போட்டு ஒரு தகட்டைப் பதியுங்கள். கதவு சாத்தியதும் இந்த முளைகள் துளைக்குள் போய்விடும். ஊசியை எடுத்தாலும் கதவு அசையாது.

நைட் லாட்ச் மட்டும்தான் இருக்கிறது, போதுமா?

சாத்தியதும் தானாகப் பூட்டும் சரிந்த நாக்கு, இடுக்கு 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் திருடன் செருகும் மெல்லிய தகட்டுக்கு வழிவிடும். வெளியே போகும்போது சாவியைத் திருப்பி நாக்கைக் கெட்டிப்படுத்தும் வசதி உள்ள வகையாக இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்தவும் வேண்டும். கதவில் கண்ணாடி இருந்து, அதை உடைத்தால் கை குமிழுக்கு எட்டும் என்றால், உள்பக்கம் 5 மி.மீ. பாலிகார்பனேட் தகடு வையுங்கள்.

கதவுக்குள் பதிக்கும் மார்டிஸ் பூட்டு நல்லதுதான், ஆனால் பழைய கதவில் இடம் பார்த்து வெட்ட வேண்டும். நடுக் குறுக்குச்சட்டத்தின் நாக்கு குத்துச்சட்டத்துக்குள் செருகியிருக்கும் உயரம்தான் கைக்கு வசதியான உயரமும். அங்கே பூட்டுப் பெட்டிக்குக் குழி தோண்டினால் கதவின் முதுகெலும்பை அறுத்த மாதிரி. ஒரே வருடத்தில் சட்டம் பிரியும். குறுக்குச்சட்டத்துக்கு மேலேயோ கீழேயோ தள்ளி வெட்டச் சொல்லுங்கள். குழியின் இருபுறமும் குறைந்தது 10 மி.மீ. மரம் மிஞ்ச வேண்டும், 35 மி.மீ.க்கு மெலிந்த கதவுக்கு மேலே பொருத்தும் பூட்டே சரி. சிலிண்டர் வெளியே 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் குறடால் பிடித்து முறிக்கலாம், அதனால் கதவின் தடிமனை அளந்து சிலிண்டர் வாங்குங்கள்.

இரவில் உள்ளிருந்து திறக்கவும் சாவி தேவைப்படும் பூட்டு வேண்டாம். தீப்பிடித்தால் சாவி தேட நேரம் இருக்காது.

கோத்தகிரி, குன்னூர் சுற்றுவட்டாரத்தில் கரடி வேறு. சமையல் எண்ணெய், வெல்லம், பேக்கரி வாசனைக்கு வந்து கதவை உடைத்த செய்திகள் அடிக்கடி வரும். அது பூட்டைச் சீண்டாது. கீழ்ப் பலகையை நகத்தால் கிழித்து, அடி இடுக்கில் பாதத்தை விட்டு இழுக்கும். கீழ்ப் பலகைக்கு மேலே சொன்ன பிளைவுட், முழுதாக இறங்கும் கீழ்த்தாழ் இரண்டும் அங்கே உதவும். எண்ணெய் டின்னை வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைக்காமல் இருப்பது அதைவிட உதவும்.

ரப்பர் ஒட்டிய பிறகு தாழ் விழவில்லை

எதிர்பார்த்ததுதான். பூட்டின் நாக்கில் லிப்ஸ்டிக்கோ குங்குமமோ தடவிக் கதவை அழுத்திச் சாத்துங்கள். நாதாங்கித் தகட்டில் எங்கே படுகிறது என்று தெரியும். 1 மி.மீ. தள்ளியிருந்தால் துளையின் விளிம்பை அரத்தால் ராவினால் போதும். 2 மி.மீ.க்கு மேல் என்றால் தகட்டை நகர்த்திப் பழைய ஓட்டைகளைக் குச்சியால் அடைத்துப் புதிதாகத் திருகுங்கள். தோளால் முட்டினால்தான் பூட்டுகிறது என்றால் ரப்பர் தடிமன் தப்பு. ஒரு வடிவம் கீழே இறங்குங்கள். முட்டித் தள்ளிப் பழகினால் மேல் கீல் மறுபடி தளரும்.

குளிர்காலக் காலையில் சாவி திரும்ப மறுக்கிறது

உள்ளே தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறீர்கள். சமவெளியில் அது ஓடும். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் எண்ணெய் அது. ஊட்டிக் குளிரில் பூட்டுக்குள் மெழுகாக இறுகி, தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பூட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, கிராஃபைட் தூள் போடுங்கள். கிடைக்காவிட்டால் 6பி பென்சில் முனையைச் சாவியின் பல்லிலும் பள்ளத்திலும் கருக்கத் தேய்த்து, பூட்டில் நாலைந்து முறை விட்டு எடுத்தால் அந்தக் காலைக்குப் போதும்.